முள்மரத்துக்கு நாலு வரி

2017-ஆம் வருட மாதக் காலண்டரில் ஜூன் மாதத் தாளை நான் தூக்கி எறியவில்லை. எட்டாக மடித்து, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் ஐந்து வருடம் வைத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் அரிசி வாங்கப் போகும்போது கண்ணில் படும். வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் அங்கே வைத்தேன்.

அந்த வருடம் சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. பலசரக்குக் கடையில் இனாமாகக் கொடுத்த காலண்டரிலும் அதுதான். வறண்ட கண்மாய், நடுவில் அந்த மரம், படத்துக்குக் கீழே நாலு வரி:

நீரை உறிஞ்சும் முள்பேயே – எங்கள்
நிலத்தை விழுங்கிய கரும்பேயே
வேரைப் பிடுங்கி எறிவோமே – உன்
விறகில் பிழைப்பான் உன்சேயே.

அந்த விறகில் பிழைப்பவன் நான். அச்சங்குளத்துக்குத் தெற்கே கரிமூட்டம் போடுகிறேன். சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, தழையும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளுக்குள்ளேயே வேகவைத்துக் கரியாக்குகிற வேலை. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த மரம்தான் சோறு போட்டது.

அந்த ஜூன் மாதம்தான் என் மகள் ஓவியாவைப் பார்க்க கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா காலண்டருக்கு நேர் கீழே உட்கார்ந்தார். கேசரியைத் தின்றுகொண்டே அண்ணாந்து பார்த்தார். ராகம் போட்டு நாலு வரியையும் வாசித்தார்.

"ஏங்க சம்பந்தி, இதுப்படி பாத்தா நீங்க பேயோட பிள்ளை. அப்ப எங்க வீட்டுக்கு வாறது பேயோட பேத்தியால்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரியும் சிரித்துவிட்டாள். சம்பந்தம் கூடவில்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம். ஓவியாவே பின்னால், "எனக்கே அந்த ஆளுகளைப் பிடிக்கலைப்பா. கவிதைதான் என்னையக் காப்பாத்துச்சு" என்றாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை.

2022 சித்திரையில் சிவகாசிக்குக் கரி லோடு இறக்கப் போனேன். இறக்கிய இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அச்சகம். பலகையைப் பார்த்தால், காலண்டர் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அதே பேர். லாரியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"எவன்லே இங்கன பாட்டு எளுதுறவன்? வெளிய வரச் சொல்லு!"

மிஷினில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். தாள் வெட்டும் மிஷினில் இருந்த ஆள் மட்டும் சிரிக்காமல், "உள்ள ரூம்புல இருக்காக. போய் நல்லாக் கேளுங்க. எனக்கும் ரொம்ப நாளாக் கேக்கணும்" என்றார்.

உள்ளே ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, சிவப்புப் பேனாவால் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

"நான்தான் எளுதுறேன். உக்காருங்க அண்ணாச்சி."

ஆம்பளையை நினைத்து வைத்திருந்த ஐந்து வருட வசவில் ஒன்றுகூட இவருக்குப் பொருந்தவில்லை. தாளை எடுத்து மேசையில் விரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பதினேளாம் வருசத்துது. எதும் பிழை இருக்கா?"

"இருக்கும்மா. கடைசி வரியில நான் இருக்கேன்."

மறுபடி வாசித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்பு நகத்தில் உண்டு.

"கரிமூட்டம் போடுறீகளா?"

"ஆமா."

மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"ஒரு மூட்டம் எத்தனை நாளு வேகும்?"

"அதெதுக்கு இப்ப?"

"தெரியாதே, அதான் கேக்கேன்."

"வெறகைப் பொறுத்தது. எட்டு நாளு, பத்து நாளு."

"மண்ணு போட்டு மூடிர்றீக. உள்ள வெந்துருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீக?"

"புகைதான். மொதல்ல வெள்ளையா மொத்தமா வரும், அது மரத்துல உள்ள தண்ணி. அப்புறம் மஞ்சளாகி கண்ணைக் கரிக்கும். நீலமா, இருக்கா இல்லையான்னு தெரியாம வந்துச்சுன்னா வெந்துருச்சு. புகை வாற ஓட்டையை அடைச்சிரணும். அசந்தா கரி கெடையாது, சாம்பல்தான்."

அவர் ஒரு கழிவுத்தாள் துண்டில் எழுதிக்கொண்டே வந்தார். சண்டைக்குப் போனவன் அரைமணி நேரம் பாடம் நடத்திவிட்டு, இரண்டு டீயும் குடித்துவிட்டு எழுந்தேன். வாசலுக்கு வந்த பிறகுதான் போன காரியம் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன்.

"இந்த வரியை வாபஸ் வாங்கணும். இதே போலக் காலண்டர்ல, இதே போல நாலு வரியில."

"நியாயம்தான். ஆனா வந்து பாத்துட்டுத்தான் எளுதுவேன். இந்தத் தாளு எங்கிட்ட இருக்கட்டுமா?"

கொடுத்துவிட்டு வந்தேன். உறை இலேசாகிவிட்டது. எனக்கு என்னவோ போல இருந்தது.

அவர் பேர் பத்திரகாளி. வெளியே மிஷினில் என்னிடம் பேசியவர் அவர் வீட்டுக்காரர் சண்முகவேல். "நான் எளுதுறதை அவுக வெட்டுவாக. இருவது வருசமா அதான் எங்க குடும்பம்" என்பார். அந்த அம்மா என்னைவிட ஏழு வயது மூத்தவர். இருந்தும் கடைசி வரை என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். நான் அக்கா என்றேன். கேட்பவர்கள் குழம்புவார்கள்.

இருக்கன்குடிக்குக் கிழக்கே பிறந்தவர். பதினான்கு வயதில் சிவகாசிக்கு வந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினார். பிறகு அச்சகத்தில் தாள் எண்ணுகிற வேலை. எண்ணும்போதே வாசிப்பாராம். பிழை இருந்தால் சொல்வாராம். அப்படித்தான் திருத்துகிற நாற்காலிக்கு வந்தார். ஒரு வருடம், வழக்கமாகப் பாட்டு எழுதித் தருகிறவர் வரவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை வெளியிட்டாக வேண்டும். முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி, "ஏம்மா, நீதான் எல்லாத்தையும் வாசிக்கியே, நாலு வரி எளுதேன்" என்றார். அன்று முதல் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு நாலு வரி. பேர் போடுவதில்லை. பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் அவ்வப்போது இரண்டு வரி.

எப்படி எழுதுகிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை இருந்தது. கேட்டேன்.

"படம்தான் மொதல்ல வரும் அண்ணாச்சி. பனிமலை, அருவி, அன்னப்பறவை. நான் எங்க அன்னத்தைப் பாத்தேன்? பனியப் பத்தி எளுதணும்னா முதலாளி வீட்டு ஐஸ்பெட்டியத் திறந்து மூஞ்சிய உள்ள விட்டுப் பாத்தேன். அந்தம்மா ஓடி வந்து, என்ன பத்திரகாளி, தல சுத்துதான்னு கேக்காக."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கார்த்திகை மளையச் சித்திரை வெயில்ல எளுதுவேன். 'மளையே வருக'ம்பேன். ரெண்டு சொட்டு விளுந்தா தாளு நமுத்துப்போகும்னு நானே ஓடிப் போய் சன்னலை அடைப்பேன். நம்ம ஊர்ல மளைய வாள்த்துறதும் நாமதான், பட்டாசு காயட்டும் இன்னைக்கு வராதன்னு கும்புடுறதும் நாமதான்."

"அப்ப எளுதுறது பூராம் பொய்யி."

"பொய்யின்னு இல்ல. மலையை அப்பாம்பேன், ஆத்தை ஆத்தாம்பேன், பூவைப் பொம்பளப்பிள்ளைம்பேன். மரத்தைப் பாத்து மரம்னு எளுதிக் குடுத்தா முதலாளி, இதுல கவிதை எங்கம்மாங்காரு. மனுசன் எதைப் பாத்தாலும் அதுல தன் மூஞ்சியத்தான் தேடுறான் அண்ணாச்சி. ஒம்ம மரத்துல நான் பேயைத் தேடிட்டேன்."

சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வந்துவிட்டார். அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு. என் வீட்டுக்காரி நாகஜோதி முதல் தடவை முறைத்தாள். இரண்டாம் தடவை சோறு போட்டாள். மூன்றாம் தடவை என்னை விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். மண்ணில் கை வைத்துச் சூடு பார்ப்பார். புகை நிறம் மாறுகிற நேரத்தை எழுதிக்கொள்வார். ஆடுகள் அந்த மரத்தின் பழுத்த நெற்றைத் தின்பதைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். நான் சொல்வதற்குள் மென்றுவிட்டார்.

"அய்ய, இனிக்கில்ல!"

"ஆட்டுக்குத் தெரிஞ்சது கவிஞருக்குத் தெரியலை."

"ஆடு எளுதலை, அதான் அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் பட்டென்று.

ஒருநாள், இந்தக் கரியெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார். டீக்கடைக்கு, தேய்ப்புப் பெட்டிக்கு, வடக்கே போகிற லாரிக்கு என்றேன். "கொஞ்சம் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு கம்பெனிக்கும் போகும். பூச்சட்டி கொளுத்துனா பொன் நிறமாத் தெறிக்கே, அதுல கரித்தூளு உண்டு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"'மண்ணில் பூக்கும் பொன்பூவே, எங்கள் மனதில் மணக்கும் நன்பூவே.' பூச்சட்டி டப்பாவுக்கு நான் எளுதுனது. அதே வருசம். கொளுத்துனா பூவு, நின்னா பேயா? ஒரே மரத்தை ரெண்டு மேசையில வச்சு எளுதிருக்கேன், எனக்கே தெரியலை பாத்தீகளா."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். "அப்ப எளுதிருங்க அக்கா. தாயேன்னு எளுதிருங்க. தண்ணி ஊத்தாம வளந்து எங்களுக்குச் சோறு போடுது. தாயில்லாம வேறென்ன?"

"அடுத்த வாரம் நான் கூட்டிட்டுப் போற இடத்துக்கு வாங்க. அப்புறம் சொல்லுங்க" என்றார்.

இருக்கன்குடி தாண்டி, பாதை முடிந்த இடத்தில் பைக்கை நிறுத்தினோம். எதிரே முள்காடு. ஆள் நுழைய முடியாத அடர்த்தி. அடிமரம் ஒவ்வொன்றும் என் தொடை மொத்தம் இருந்தது. தொழில் புத்தி, நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன்: எட்டு மூட்டத்துக்குக் குறையாது.

"நல்ல வெறகு" என்றேன்.

"எங்கப்பா நெலம். நாலு ஏக்கர் கரிசல். அந்தா, அங்கன கம்பு வெதைப்பாக. ரெண்டு வருசம் மளையில்லைன்னு சும்மா போட்டோம். மூணாம் வருசம் மளை வந்துச்சு, ஏரு எறங்கலை. வெட்டினோம், தழைஞ்சது. கொளுத்தினோம், தழைஞ்சது. அப்பா அரிவாளைக் கீள போட்டுட்டு, வாங்க சிவகாசிக்குன்னுட்டாக. பட்டா இன்னும் அவுக பேர்லதான் கெடக்கு."

குனிந்து ஒரு மரத்தின் தூரைக் காட்டினார். எல்லைக்கல் ஒன்று வேருக்குள் பாதி போய்விட்டிருந்தது. நான் பார்த்தது விறகு. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கம்பு விதைத்த இடம். மரம் ஒன்றுதான்.

"பேயின்னு எளுதுனது தப்பு. ஒத்துக்கிடுதேன். ஆனா எங்கப்பா நெலத்துல நின்னுக்கிட்டு இதைத் தாயேன்னு எளுதச் சொல்லாதீக."

நான் பைக்கைத் திருப்பினேன். வரும் வழியெல்லாம் பைக் சத்தம்தான்.

நாலு வரி எழுத அவருக்கு ஒரு வருடம் ஆனது. எழுதிய பிறகு முதலாளியிடம் மல்லுக்கு நின்றார். "திட்டுறதுன்னா முள்ளுப் படம் போடலாம். சும்மா போட்டா எவன் வீட்டுல மாட்டுவான்? எந்தப் பார்ட்டியும் ஆர்டர் தர மாட்டான்" என்றார் சங்கரலிங்கம் அண்ணாச்சி. நான்தான் வழி சொன்னேன். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் ஊரில் மோர்ப்பந்தல் போடுவோம். அந்தக் குழு வருடா வருடம் முந்நூறு காலண்டர் அடிக்கும். அந்த ஆர்டரில் ஜூன் மாதத்துக்கு இதைப் போடலாம் என்றேன். குழுத் தலைவர் கருப்பணன், எனக்கு மாமா முறை, அவரும் மூட்டக்காரர். கூட்டிக்கொண்டு சிவகாசிக்குப் போனேன்.

பத்திரகாளி அக்கா தாளை மேசையில் வைத்தார்.

ஆடு தின்னும், அதன்காய் இனிக்கும்.
அப்பன் நிலத்தில் ஏர் இறங்காது.
மூட்டத்தில் வெந்தால் கரியாகும்.
முளைக்கும் மறுபடி, மழை கேட்காது.

மாமா விரலை வைத்து வாசித்தார். "நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது வரியை மட்டும் எடுத்துருவோம். நம்ம பொழப்பை நாமளே சொல்லிக்காட்டவா காலண்டர் அடிக்கோம்?"

முதலாளியும் தலையாட்டினார். எனக்கும் அதே எண்ணம்தான் முதலில். அக்கா என்னைப் பார்த்தார்.

"மூணு வரியா நான் குடுக்க மாட்டேன். வேற வேணும்னா சொல்லுங்க." இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இதுல நாலு வரியும் தாயேன்னு இருக்கு. ஒரே மூச்சுல எளுதிட்டேன், அம்புட்டு லேசு. நீங்க ஒரு வருசமா கேட்டது இதுதான். வாபஸ் வாங்குறேன்னு சொன்னேன்ல? நீங்க சொன்னா இதையே போட்டிருவோம். நான் மறுக்க மாட்டேன்."

வாசித்தேன். 'நீரின்றி வளரும் எம் தாயே' என்று ஆரம்பித்தது. ராகம் போட்டால் அந்தப் பெரியப்பா குரலில் நன்றாக இருக்கும். அதை வீட்டில் மாட்டி, கோவில்பட்டிக்காரர்களைக் கூப்பிட்டு, கீழே உட்காரவைத்துக் கேசரி கொடுக்கலாம். எத்தனை தடவை நான் நினைத்துப் பார்த்த காட்சி அது!

ஆனால் வேருக்குள் போன அந்தக் கல் கண்ணுக்குள்ளேயே நின்றது. தாயே என்று நான் மாட்டினால் அதன் கீழே இவர் எப்படி உட்காருவார்?

"நாலும் இருக்கட்டும் மாமா. ரெண்டாவதும்" என்றேன்.

"ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? ஒனக்காகத்தானே இங்கன வந்து நிக்கேன்!"

"இருக்கட்டும் மாமா. அதுவும் நடந்ததுதானே."

மாமா பஸ்ஸில் என்னோடு பேசாமல் வந்தார். சாத்தூர் வந்ததும் வெள்ளரிக்காய் வாங்கிப் பாதியை என்னிடம் நீட்டினார்.

2024 காலண்டரில் ஜூன் மாதம் அந்த நாலு வரி வந்தது. படம்? இரண்டு அன்னப்பறவை, நீலக் குளம். குழுவுக்கு ஒதுக்கிய படவரிசையில் அதுதான் இருந்தது. நான் ஆத்திரத்தோடு போன் போட்டால் அக்கா அந்தப் பக்கம் சிரிக்கிறார். "விடுங்க அண்ணாச்சி. அன்னமும் நம்ம மரமும் ஒருக்காச் சேந்து நிக்கட்டும்."

நான் விடவில்லை. ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் காலையில் சாப்பிட உட்காரும்போது பிடிபட்டது. உடனே போன் போட்டேன்.

"அக்கா, 'மழை கேட்காது'ன்னு போட்டிருக்கீக. மரம் எப்ப யார்ட்ட என்ன கேட்டுச்சு? கேக்குறது நாமதானே?"

அந்தப் பக்கம் அந்த வரியை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது. பிறகு, "பிடிச்சுட்டீகளே" என்றார். "ஒரு வருசம் சலிச்சுச் சலிச்சு எளுதுனேன். கடைசி வார்த்தையில மனுசன் நுளைஞ்சுட்டான் பாத்தீகளா. இனிமே என்ன செய்ய, முந்நூறு அடிச்சாச்சு."

அதைப் பிழை என்றே எடுத்துக்கொண்டார். பார்க்கும்போதெல்லாம், "இன்னும் அந்த வார்த்தை உறுத்துது" என்பார். நான் விளையாட்டாகச் சொன்னது. சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

போன வருடம் மாசியில், "எங்கப்பா நெலத்துல வெட்டிக்கிடுங்க. வேரோட போகணும், தூரு ஒண்ணு நிக்கப்படாது. வெறகு உங்களுக்கு, தரை எனக்கு" என்றார். மிஷின் வைத்துத் தோண்டினோம். நான் போட்ட கணக்கு தப்பு. எட்டு இல்லை, ஒன்பது மூட்டம். வைகாசியில் கடைசி மூட்டம் பிரித்த அன்று வந்து வெறும் தரையில் நடந்தார். அரை வட்டம் போய்விட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தார். வெயில் என்று நினைத்தோம். வெயில் இல்லை. ஆவணியில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிறகு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்கள்.

புரட்டாசி கடைசியில் சண்முகவேல் அண்ணன் போன் செய்தார். "ஒங்களைத்தான் கேக்கா. வந்துட்டுப் போங்க." போனேன். அக்கா பாதியாக இருந்தார். ஐப்பசி மழையை அவர் பார்க்கவில்லை. ஆனால் அன்று அவர் கேட்டது மழையைப் பற்றித்தான்.

"அண்ணாச்சி, மளை எப்ப?"

"பத்து பதினஞ்சு நாளு ஆகும்க்கா."

"மொத மளைக்குப் போகாதீக. ஒரு மளைக்கு வாறதை நம்ப முடியாது. மூணாவது மளை முடிஞ்சு போங்க. அப்பா நெலத்துல நடுவுல உக்காந்து, மொதல்ல என்ன முளைச்சிருக்குன்னு பாருங்க. பாத்து எளுதி வைங்க."

"நானா? எனக்கு ரேஷன் கடையில கையெளுத்துப் போடவே பேனா நடுங்கும்."

"அதான் உங்களைச் சொல்றேன். எனக்குன்னா பளகிப் போச்சு, கை தானா அம்மா அப்பான்னு எளுதிரும். நீங்கதான அந்த வார்த்தையக் கண்டுபிடிச்சது?" மூச்சு வாங்கிக்கொண்டார். "புல்லா இருந்தா புல்லுன்னு எளுதுங்க. மறுபடி அந்த முள்ளா இருந்தா முள்ளுன்னே எளுதுங்க. நான் போயிட்டேன்னு எரக்கப்பட்டுப் பொய் எளுதப்படாது."

தலையணைக்கு அடியில் கையை விட்டார். எட்டாக மடித்த தாள். 2017 ஜூன். மடிப்பில் கிழிந்த இடத்துக்கெல்லாம் உள்பக்கம் ஒட்டுப் போட்டு வைத்திருந்தார். என் கையில் வைத்தார்.

"பின்பக்கம் வெறுந்தாளுதான். அதுல எளுதுங்க."